பிரம்மதேசத்துக்குப் பக்கத்திலேயே பூநாரை!

நடவு, களையெடுப்பு வேலைகள் கொஞ்சம் ஓய்ந்ததும், ‘எங்காவது போய் வரலாமா?’ என்று உழவர் குழுக்களில் பேச்சு எழும். உடனே வேன் பிடித்து முதுமலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. முதுமலை பார்க்க வேண்டிய காடுதான். ஆனால், பிரம்மதேசம், திண்டிவனம் பக்கத்து விவசாயிகள் ஒரே காலையில் போய்த் திரும்பும் தூரத்தில் கழுவெளி இருப்பது பலருக்கு நினைவில் வருவதே இல்லை.

மரக்காணம், வானூர் வட்டங்களில் 5,151 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு இது. ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 12,700. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. வடகிழக்குப் பருவமழையில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேரும். இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீரும் ஏறும். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர், கோடையில் உவர்நீர், பிறகு வெடித்த சேறு என ஆண்டுக்குள்ளேயே மூன்று முகம் காட்டுகிற இடம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் எனக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். வாத்துகளில் பல, இமயமலைக்கு அப்பாலிருந்து வருபவை.

விவசாயி கண்ணுக்கு இங்கே வேறு கணக்கும் தெரியும். நத்தைக்குத்தி நாரை வயலில் இறங்கினால் நத்தையைத்தான் தேடும். ஏர் ஓட்டும்போது பின்னாலேயே வரும் உண்ணிக்கொக்கு, பூச்சிகளைப் பொறுக்கும். எல்லாப் பறவையும் நண்பன் என்று சொல்லிவிடவும் முடியாது. நீலத் தாழைக்கோழி இளம் நெற்பயிரைப் பிடுங்கிப் போடும்; ஏரிக்கரையில் நடவு போட்டவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். அதற்கு ஒளிரும் நாடா கட்டுவதும், விடியலிலும் மாலையிலும் ஆள் நடமாட்டம் வைப்பதும் போதும். நெல்லில் குருணை மருந்து கலந்து தூவுவது மட்டும் கூடவே கூடாது. அந்த நஞ்சு பறவையோடு நிற்காது. மேயும் மாட்டுக்கும், அந்தப் பறவையைச் சமைத்துச் சாப்பிடும் மனிதருக்கும் போய்ச் சேரும். வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கிளம்புகிறவர்கள் விழுப்புரம் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. திண்டிவனம்–மரக்காணம் சாலையில் போய், மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் புதுச்சேரி திசையில் திரும்ப வேண்டும். உப்பளங்களைத் தாண்டும்போதே பறவைகள் கண்ணில் படத் தொடங்கும். விடிவதற்குள் கரையில் இருந்தால்தான் பலன். பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரிந்து நிற்கலாம். வெள்ளை வேட்டி, பளபளக்கும் புடவை அன்று மட்டும் வேண்டாம். மங்கலான நிறமே நல்லது. நான்கு பேருக்கு ஒரு தொலைநோக்கி போதும். சேற்றில் இறங்கக் கூடாது, முழங்கால்வரை இழுத்துவிடும். பங்குனி பிறந்துவிட்டால் தண்ணீர் வற்றத் தொடங்கும், வலசை வந்தவை கிளம்பிவிடும். ஆகவே, பொங்கல் முடிந்த வாரமே சரியான நேரம்.