வெளியே கருகல், உள்ளே பச்சை: சாசேஜை கிரில்லில் சுடுவது எப்படி?

சனிக்கிழமை ராத்திரி, விழுப்புரத்தில் ஏதோ ஒரு மொட்டை மாடி. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் லீவுக்கு வந்த நண்பர்கள். ஆன்லைனில் வாங்கிய சின்ன பார்பெக்யூ அடுப்பு, ஒரு பை அடுப்புக்கரி, ஃப்ரீசரிலிருந்து நேராக வந்த சாசேஜ் பாக்கெட். பத்தே நிமிஷத்தில் ஒரு குரல் கேட்கும்: "மச்சான், வெளிய கருகிடுச்சுடா, உள்ள இன்னும் ஜில்லுனு இருக்கு."

கிரில் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. சாயங்காலம் ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் கோழியைச் சுடும் கைப்பழக்கம் சாசேஜுக்கு உதவாது. காரணம் எளிது. சாசேஜ் என்பது அரைத்த இறைச்சி, கொழுப்பு, தண்ணீர், மசாலா எல்லாவற்றையும் ஒரு மெல்லிய தோலுக்குள் இறுக்கி அடைத்த பொருள். தீ அதிகமானால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி தோலைக் கிழிக்கும். கொழுப்பு தணலில் ஒழுகும், தீ குப்பென்று எழும், சாசேஜில் கரி படியும். உள்ளே வேகும்வரை தோல் கிழியாமல் காப்பாற்ற வேண்டும். உலகத்தில் இதற்கு எத்தனை முறைகள் இருந்தாலும், எல்லாம் இந்த ஒரு சிக்கலுக்கான பதில்கள்தான்.

இதில் ரொம்ப அனுபவம் உள்ளவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களுடைய பிராட்வுர்ஸ்ட் பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்வது. சில ஊர்களில் கன்றுக்குட்டி இறைச்சியும் சேரும். ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரின் கன்னியர் மடத்துக் கணக்கில், பிராட்வுர்ஸ்ட் செய்யக் குடல் வாங்கிய செலவு 1404-லேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊர் இருக்கும் துரிங்கியா பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செய்து கரித் தணலில் சுடுவார்கள். நியூரம்பெர்க்கில் விரல் நீளம்தான், 7 முதல் 9 சென்டிமீட்டர். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பது மாதிரி, இந்த இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு இருக்கிறது. நியூரம்பெர்க் சாசேஜின் வாசனைக்குக் காரணம் மார்ஜோரம். வேறொன்றும் இல்லை, நம்மூர் கதம்பத்தில் கட்டும் மருவுதான். (அதற்காகப் பூக்கடை மருவை வாங்கி இறைச்சியில் போட வேண்டாம். அது சாப்பிடுவதற்காக வளர்த்தது இல்லை.)

ஜெர்மனி ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம். ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. இந்தியர்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு அடுத்து அங்கே அதிகம் வசிப்பவர்கள் ஜெர்மானியர்கள்.

முதலில் பாக்கெட்டைப் படிங்க

கடை ஃப்ரீசரில் கிடைக்கும் சிக்கன் சாசேஜ்களில் பல, ஆலையிலேயே வேகவைத்து உறையவைத்தவை. அவற்றைச் சூடாக்கி, மேலே நிறம் வரவைத்தால் போதும். பிராட்வுர்ஸ்ட் என்ற பெயரில் விற்பவற்றில் பச்சையானதும் உண்டு, பாதி வெந்ததும் உண்டு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் அடுப்பில் போடுவதில்தான் ஆபத்து.

ஒரு முழு இறைச்சித் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும்; தீ பட்டால் செத்துவிடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு நடுப்பகுதி வரை கலந்துவிடுகிறது. அதனால் பச்சை சாசேஜ் நடுவில் வேகாமல் இருந்தால் வயிறு சும்மா விடாது. பன்றி, மாடு, ஆடு என்றால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 டிகிரி வரவேண்டும். நிறத்தை நம்ப முடியாது. நைட்ரைட் சேர்த்த சாசேஜ் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இறைச்சிக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அதைப் பக்கவாட்டில் குத்தாமல், முனையிலிருந்து நீளவாக்கில் நடுப்பகுதி வரை செருகிப் பார்க்க வேண்டும்.

பயணமும் ஒரு பிரச்சினை. சென்னையில் வாங்கி பைக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் திண்டிவனமே சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் இன்னும் 40. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் பச்சை இறைச்சி குளிர் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மே மாத வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி இல்லையென்றால் புதுச்சேரியிலிருந்து கொண்டுவருவதுகூட சந்தேகம்தான். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி வைத்து ஐஸ் விடவைக்கணும். ஐஸோடு தணலில் போட்டால் மொட்டை மாடி வசனம் மறுபடி கேட்கும்.

தீ எப்படி இருக்கணும்?

தமிழ்நாட்டில் கிடைக்கும் அடுப்புக்கரியில் பெரும்பகுதி சீமைக்கருவேலம். தென்மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுப்பது. சூடு அதிகம், நின்று எரியும். மரக்காணம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை, சவுக்கு விறகின் தணலும் நல்ல தணல்தான். பற்றவைக்கக் கொட்டாங்குச்சி போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகக்கூடாது. ஆபத்து ஒருபுறம், வாடை சாசேஜில் இறங்குவது இன்னொருபுறம்.

தீ எரியும்போது சுடக்கூடாது. கரி மேல் சாம்பல் பூக்க 20, 30 நிமிஷம் ஆகும். அதன் பிறகு உள்ளங்கையைக் கம்பிவலைக்கு அரை ஜாண் மேலே பிடித்துப் பாருங்கள். இரண்டு விநாடியில் கையை எடுத்துவிட்டால் சூடு அதிகம். நாலைந்து விநாடி தாங்கினால் அதுதான் சாசேஜுக்கான பதம்.

நேராகவா, ஓரமாகவா, வேகவைத்தா?

நேராகத் தணல் மேல் சுடுவது துரிங்கியா பாணி. கேட்க சுலபம், செய்ய கஷ்டம். நிமிஷத்துக்கு ஒருமுறை இடுக்கியால் திருப்பிக்கொண்டே 12 முதல் 20 நிமிஷம் நிற்க வேண்டும். செல்போனை எடுத்தால் போச்சு. முள்கரண்டியால் குத்தித் திருப்பும் பழக்கத்தை விட்டுவிடணும், குத்தின ஓட்டை வழியாக சாறு முழுக்க வெளியே போகும். கோபுர்க் நகரில் இதையே பைன் காய்களை எரித்த தணலில் சுடுகிறார்கள். சவுக்குக் காய் பார்க்க அதன் குட்டித் தம்பி மாதிரி இருந்தாலும், சவுக்கு பைன் இனம் இல்லை.

புதுசாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது இரண்டு பக்க முறை. கரி முழுவதையும் அடுப்பின் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சாசேஜை கரி இல்லாத பக்கம் அடுக்கி மூட வேண்டும். அடுப்புக்கு மூடி இல்லையா? ஒரு அலுமினிய குண்டானைக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. நடுவில் ஒருமுறை மட்டும் திருப்பி, 15 முதல் 20 நிமிஷம் அப்படியே விட்டால் தோல் கிழியாமல் உள்ளே வேகும். கடைசி இரண்டு நிமிஷம் தணல் பக்கம் தள்ளி நிறம் எடுத்தால் போதும். பச்சை சாசேஜ் என்றால் யோசிக்காமல் இந்த முறைதான்.

ஜெர்மானியர்கள் ஏராளமாகக் குடியேறிய அமெரிக்காவின் விஸ்கான்சினில் பலர் பீர், வெங்காயம் சேர்த்து முதலில் வேகவைத்து, பிறகு சுடுவார்கள். பீர் கட்டாயம் இல்லை. தண்ணீரில் நறுக்கின வெங்காயமும் தட்டின மிளகும் போட்டாலே வாசனை வரும். ஆனால் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்தத் தண்ணீரிலேயே தோல் வெடிக்கும். விளிம்பில் சின்னச் சின்ன குமிழ் வரும் சூட்டில் 10, 12 நிமிஷம் போதும். சாசேஜின் சுவையில் கொஞ்சம் தண்ணீருக்குப் போய்விடும் என்பது உண்மைதான். இருந்தாலும் இருபது பேருக்குச் சமைக்கும்போது, யார் தட்டிலும் பச்சையாக விழாது என்ற நிம்மதி பெரிசு. சுட்டதைத் திரும்ப அதே வெங்காயத் தண்ணீரில் போட்டு மெல்லிய சூட்டில் வைத்தால் கடைசி ஆள் வரும்வரை ஆறாது.

ஏற்கெனவே வெந்த சிக்கன் சாசேஜுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். சாய்வாக நாலைந்து கீறல் போட்டு, எண்ணெய் தடவி, 6 முதல் 8 நிமிஷம் திருப்பினால் ஓரமெல்லாம் மொறுமொறு ஆகும். வாடகை வீட்டில் மாடி சாவி கிடைக்காதவர்கள் கிரில் தவாவில் இதையே செய்யலாம், புகை வாசனை மட்டும் வராது.

எடுத்ததும் மூன்று, நாலு நிமிஷம் ஆறவிட்டால் கடிக்கும்போது சாறு தெறிக்காது. ஜெர்மனியில் பன்னுக்குள் வைத்துக் கடுகு விழுது தடவுவார்கள். இங்கே பரோட்டாவில் சுருட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மயோனைஸ் வேண்டுமென்றால் பச்சை முட்டை இல்லாததா என்று பாருங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது.

அடுப்பை மாடியிலேயே விடுங்க

மழை வந்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் ஓடுவார்கள். தணலில் புகை இல்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பார்கள். ஆனால் புகையே இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள், பார்பெக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி உயிரிழந்தார்கள். வேலை முடிந்ததும் கரி மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து அணைக்க வேண்டும். அப்புறமும் காலைவரை மாடியிலேயே இருக்கட்டும். சாம்பலுக்குள் ஒரு துண்டு தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.