ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் சுலுப்பு: துறைமுகமற்ற கரையும் சிறுகலங்களும்

முன்னுரை

புதுச்சேரி வணிகரும் துய்ப்பிளேக்சின் துபாஷியுமான ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761) 1736 செப்டம்பர் முதல் எழுதிவந்த நாட்குறிப்பு, அரசியல் வரலாற்றுக்குப் பயன்பட்ட அளவுக்குக் கடல்வணிக வரலாற்றுக்குப் பயன்படவில்லை. கப்பல், சுலுப்பு, சலங்கு ஆகியவற்றை அவர் வேறுபடுத்தியே எழுதுகிறார். நாமோ சுலுப்பைச் ‘சிறு கப்பல்’ என்றோ ‘படகு’ என்றோ பொருள்கொண்டு கடந்துவிடுகிறோம். அவ்வாறு கடக்கும்போது அக்கால வணிகத்தின் ஒரு படிநிலையே மறைந்துபோகிறது.

சொல்லும் கலமும்

டச்சு, ஆங்கில மொழிகளின் ஸ்லூப், பிரெஞ்சின் ஷலூப், போர்த்துகீசியத்தின் ஷலூப்பா ஆகியன உறவுடைய சொற்கள். தமிழ் வடிவம் முதலிரண்டிற்கே ஒலியால் நெருங்கியது. மொழிமுதலில் மெய்மயக்கம் தமிழுக்கு ஏலாது. ஆதலின் இடையில் உகரம் புகுந்தது. இறுதி வல்லெழுத்து இரட்டித்துக் குற்றியலுகரம் பெற்றது. எதிர்த்திசையிலும் சொல் பயணம் செய்தது: சலங்கைப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் ‘ஷெலாங்’ என்றனர்.

இலக்கணப்படி சுலுப்பு ஒற்றைப் பாய்மரமுடையது. பெருங்கப்பலில் பருமல்களில் குறுக்காகத் தொங்கும் பாய்களே மிகுதி; சுலுப்பின் முதன்மைப் பாய் கலத்தின் நீளவாக்கில் அமைந்தது. எனவே எதிர்க்காற்றிலும் ஓரளவு சாய்ந்து முன்னேற அதனால் இயலும். மாலுமிகளும் குறைவாகவே தேவைப்படுவர்.

கரையின் தேவை

இன்று மூலக்குளத்திலிருந்து கடற்கரைக்குச் செல்வோர் காணும் பழைய பாலத்தின் தூண்கள் 19-ஆம் நூற்றாண்டினவை. பிள்ளை காலத்தில் அப்பாலம் இல்லை. காப்பான துறைமுகமும் இல்லை. சீமைக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் மனிதரும் சலங்கில் ஏறியே கரைசேர வேண்டும். சலங்கின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆதலால் அலை மோதும்போது கலம் நெகிழ்ந்து கொடுத்தது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு அவ்விடத்தில் உடைந்துபோகும்.

சலங்கு கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்டது; சீமைக் கப்பலோ பெருங்கடலுக்குரியது. இரண்டுக்கும் நடுவே, காரைக்கால், சென்னை முதலிய கரையூர்களுக்கு நெல்லும் துணியும் கடிதமும் கொண்டுசெல்ல எஞ்சிய இடத்தில்தான் சுலுப்பு நிற்கிறது. அதிகச் சரக்குச் சேரும்வரை காத்திராமல் புறப்படக்கூடிய கலம் அது. செய்தி முந்திவந்தால் விலை மாறும் என்பதை அறிந்த வணிகருக்கு இது சிறிய நன்மையன்று.

இடரும் இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் இக்கரையில் நிற்பது எக்கலத்துக்கும் ஆபத்து. 1761 சனவரி 1 அன்று வீசிய புயலில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் போர்க்கப்பல்களே சில மூழ்கின, சில கரையொதுங்கின. போர் இடர் தனி. ‘ஆனந்தப்புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளரான பிள்ளைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. பிரெஞ்சுக் கொடியின்கீழ்ச் செல்லும் கலத்தில் தமிழ் வணிகரின் முதல் இருப்பினும், ஆங்கிலேயர் கண்ணுக்கு அது பகைவர் உடைமையே.

ஓர் எச்சரிக்கை

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படையில் மூன்று பாய்மரக் கலமும் ‘ஸ்லூப்’ எனப்பட்டது. அங்கு அச்சொல் பாயமைப்பைக் குறிக்கவில்லை, தரத்தையே குறித்தது. ஆகவே நாட்குறிப்பில் ‘சுலுப்பு’ வருமிடமெல்லாம் ஒற்றைப் பாய்மரத்தை வரைந்துகொள்வதும் பிழையே. ஏற்றிய சரக்கு, புறப்பட்ட ஊர், சேர்ந்த நாள் ஆகியவற்றைக்கொண்டே ஒவ்வோர் இடத்திலும் கலத்தைத் தீர்மானிக்க வேண்டும். பதிப்புகளின் சொல்லடைவில் ‘சுலுப்பு – படகு’ என ஒரே வரியில் எழுதுவதை இனியேனும் தவிர்க்கலாம். படகென்று சொல்லத்தக்கது அக்கரையில் சலங்கே.