பாவம் தீராத மனம்

1542-இல் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வந்திறங்கிய புனித சவேரியார், புனித இஞ்ஞாசியாரின் நெருங்கிய தோழர். அந்த இஞ்ஞாசியாரே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், சொல்லி முடித்த பாவங்களையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் நிம்மதி கிட்டாமல், தற்கொலை எண்ணம் வரை போனவர். பக்தி குறைந்தவர் என்று அவரை யார் சொல்வார்கள்? இத்தகைய தவிப்பை இன்றைய மருத்துவம் ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாகப் பார்க்கிறது. பனிமய மாதா கோயிலிலோ திருச்செந்தூர் சந்நிதியிலோ கும்பிடும்போது தகாத எண்ணம் குறுக்கிடுவது யாருக்கும் நேரும். காயல்பட்டினத்தில் ஒளு செய்பவருக்கு ‘சரியாகக் கழுவினோமா’ என்று தோன்றலாம். அதெல்லாம் நோயல்ல. அந்த எண்ணத்தை அழிக்க மணிக்கணக்கில் செபிப்பதும், கழுவுவதும், ‘இது பாவமா’ என்று கண்டவரையெல்லாம் கேட்பதுமாக வாழ்க்கை முடங்கும்போதுதான் அது நோய். கிடைக்கும் ஆறுதல் சற்று நேரமே நிற்கும்; பிறகு ஐயம் முன்னைவிட வலுவாக வரும்.

சிகிச்சை அறுப்பது இந்தச் சுழற்சியைத்தான். அஞ்சும் எண்ணத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, பரிகாரம் எதுவும் செய்யாமல் பதற்றத்தைப் பொறுக்கப் பயிற்சி தருகிறார்கள். செரோடோனின் சார்ந்த மாத்திரைகளும் உதவும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இந்தப் பயிற்சி இறைநம்பிக்கையைக் கெடுக்கும் என்பார்கள் சிலர். பாவம் செய்யச் சொல்லும் பயிற்சியல்ல இது, ஐயத்தோடு இருக்கப் பழக்குவது. ‘தெளிவான பழைய பாவத்தை மட்டும் சொல்’ என்ற குருவின் கட்டளை இஞ்ஞாசியாருக்கு உதவவில்லை. அவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தன! பழையதை இனிச் சொல்வதே இல்லை என்று தீர்மானித்த பிறகே விடுபட்டார். குருமார்களும் ஆலிம்களும் வீட்டாரும் ஒரே கேள்விக்குப் பத்தாம் முறை பதில் சொல்வதை நிறுத்தி, கேட்பவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் இல்லை.