வழியிலே வாழும் குடும்பம்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும், தஞ்சாவூர், திருவாரூர்ப் பகுதிகளின் வயல்வெளிகளில் புதிய குடியிருப்புகள் தோன்றும். நேற்று வரை ஆளில்லாதிருந்த திடலில் இன்று ஒரு சிறு கூடாரம், மூன்று கல் வைத்த அடுப்பு, குட்டிகளை அடைக்கும் கூடுகள், சுற்றிலும் சில நூறு செம்மறியாடுகள் காணப்படும். சில நாள் கழித்துச் சென்றால் அங்கே ஒருவரும் இரார். கரிபடிந்த மூன்று கற்களும், சிறிது சாம்பலும், ஆட்டுப் புழுக்கை பரவிய நிலமும் எஞ்சியிருக்கும்.

இவ்வாறு வந்து செல்பவர்கள், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து மந்தையோடு புறப்படும் ஆட்டிடையர்கள். மந்தைக்குத் தலைவராக விளங்குபவரைக் கீதாரி என்பது அப்பகுதி வழக்கு. அவரோடு மனைவியும் மக்களும் வருவதுண்டு. சுற்றுச்சூழலுக்கு இசைந்த உணவுமுறை என்று நாம் இந்நாளில் மிகுதியாகப் பேசுகிறோம். அச்சொற்களைக் கேட்டறியாத ஒரு குடும்பம் அதனை எவ்வாறு வாழ்ந்து காட்டுகிறது என்பதையும், அதற்கு நாம் செய்யும் கைம்மாறு எத்தகையது என்பதையும் நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இவர்கள் ஏன் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும்? இராமநாதபுரச் சீமை வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி அங்கே பயிர் செய்கிறார்கள். மழைக்காலம் கழிந்து வெயில் ஏறியதும் புல் கருகிப் போகும். கண்மாய்களில் நீர் வற்றும். அதே வேளையில் காவிரிப் பாசன நிலம் அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும். அங்கும் நினைத்த இடத்தில் ஆடுகளை விட்டுவிட இயலாது. நெல் தரிசில் உளுந்தும் பயறும் விதைத்த வயல்களை விலக்கி, விதைக்காத வயல்களில் முதலில் மேய்ப்பார்கள். உளுந்து பறித்த பிறகே மற்றவை இவர்களுக்குத் திறக்கும். மேட்டூர் அணையைத் திறப்பதற்கு மரபான நாள் ஜூன் 12. ஆற்றில் நீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், மந்தை மேட்டு நிலங்களை நோக்கித் திரும்ப வேண்டும். ஆகவே இவர்களுடைய பயணம் மனம்போன போக்கில் அமைந்த அலைச்சலன்று. மழையும் ஆறும் உழவும் வகுத்துக் கொடுத்த கால அட்டவணை அது.

இனி, மந்தையின் உணவைப் பார்ப்போம். அறுத்த வயலில் நிற்கும் நெற்றாள், சிந்திய மணி, வரப்பிலுள்ள அருகு, உதிர்ந்த கருவேல நெற்று ஆகியவையே அதன் இரை. இவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்கு உதவாதவை. ஆட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் நாரையும் தாளையும் கரைத்து ஊட்டமாக மாற்றித் தருகின்றன. ஆடு அசைபோடும்போது மீத்தேன் என்னும் வாயு வெளிப்படுவதும், அது புவியின் வெப்பத்தைக் கூட்டுவதும் உண்மையே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கால்நடைக்கென்றே தீவனம் பயிரிட்டு, நீர் இறைத்து, வண்டியேற்றி அனுப்பும் செலவு ஒன்றும் இம்மந்தைக்கு இல்லை என்பதையும் உடன் வைத்து எண்ண வேண்டும்.

உண்டதற்கு மந்தை தரும் விலைதான் கிடை. மாலையில் ஆடுகளை ஒரு வயலில் ஒன்றுசேர்த்து இரவு முழுதும் அங்கேயே அமர்த்துவர். மறுநாள் இரவு அடுத்த வயல். இன்ன அளவு மந்தைக்கு ஓரிரவுக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரரோடு பேசிக்கொள்வர். முன்னாளில் நெல்லாக அளந்த கூலி பின்னர்ப் பணமாயிற்று. ஆட்டின் சிறுநீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுதி. மணிச்சத்துப் பெரும்பாலும் புழுக்கையில் அடங்கியுள்ளது. இரண்டும் ஒருங்கே நிலத்தில் சேர்வதுதான் கிடையின் சிறப்பு. வெயிலில் காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போகும்; ஆதலால் கிடை பெயர்ந்ததும் உழுதுவிட வேண்டும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று நம் உழவர் சொல்லி வைத்தது அனுபவத்தில் கண்ட உண்மை.

குடும்பத்தின் உணவும் இவ்வாறே அமைந்தது. சுள்ளி பொறுக்கி எரிக்கும் அடுப்பில் ஒரு வேளை உலை ஏறும். மீந்த சோறு நீரூற்றிப் பழையதாகி, மறுநாள் மந்தையோடு செல்பவருடைய தூக்குச்சட்டியில் ஏறும். வரப்பில் முளைத்த கீரையும், வாய்க்காலில் பிடித்த மீனும், சிறிது கருவாடும் குழம்புக்கு ஆகும். பிறர் எண்ணுவதைப் போல் இவர்கள் நாள்தோறும் இறைச்சி உண்பவர்களல்லர். ஆடு இவர்களுக்கு முதல். முதலைத் தின்று வாழும் வணிகர் உண்டா? அடிபட்டோ வேறு வகையிலோ ஓர் ஆடு வீழ்ந்தால், அதன் இறைச்சியை வீணாக்காமல் உப்பிட்டு உலர்த்தி உப்புக்கண்டமாக வைத்துக்கொள்வார்கள். தோளில் சுமக்க வேண்டிய வாழ்வாதலால், வேண்டாத பொருளை வாங்கும் பழக்கமும் இல்லை.

இனி நம் பயணத்தை எண்ணுவோம். இரண்டு நாள் யாத்திரை செல்லும் நாம், கட்டுச்சோற்றை மறந்து பொட்டலங்களை வாங்கி, தின்ற பையைச் சாலையோரத்தில் எறிகிறோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டும் இவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. உணவின் உப்பு ஒட்டிய பையை ஆடு தின்கிறது. அது செரிப்பதில்லை, வயிற்றில் பந்தாகத் திரண்டு உயிரை வாங்குகிறது. பூச்சிமருந்து தெளித்த வயலில் அறியாமல் மேய்ந்தாலும் இதே கேடுதான். நாம் சிறிது நேரத்தில் மறந்துவிடும் ஒரு பை, ஒரு குடும்பத்தின் முதலில் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதில் எனக்கும் பங்கிருப்பதால் சொல்லத்தான் வேண்டும். 1990-களில், பாசனப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். மாசி மாதத்தில் ஒரு நாள், கீதாரி ஒருவர் பத்து வயதுச் சிறுவனை அழைத்து வந்து பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்றேன். "ஆடு போகிற ஊருக்குத்தானே ஐயா நாங்களும் போக வேண்டும்; ஒவ்வோர் ஊரிலும் சீட்டு யார் கொடுப்பார்கள்?" என்றார். விதியை எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலை அவ்வழியே சென்றபோது கிடையருகில் சிறிது நின்றேன். அச்சிறுவன் கூட்டிலிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அத்தனை ஆடுகளுக்கிடையே அதனதன் தாயிடம் தவறாமல் கொண்டு விட்டுக்கொண்டிருந்தான். என் வகுப்பில் எந்த மாணவனிடமும் அத்தகைய நினைவாற்றலை நான் கண்டதில்லை. மறுநாள் அவனை அழைத்து வர ஆளனுப்பினேன். கிடை பெயர்ந்துவிட்டிருந்தது.

இன்று எந்தத் தலைமையாசிரியரும் அவ்வாறு சொல்ல இயலாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்கிறது. வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும் வழி செய்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து சென்று கூடாரத்தின் வாயிலில் நிற்காது. ஆசிரியரும் ஊராரும்தாம் அதை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். படித்தால் பிள்ளைகள் இத்தொழிலை விட்டுவிடுவார்களே என்று சிலர் கேட்கலாம். விடுவதும் தொடர்வதும் அவர்கள் விருப்பம். வேறு வழியறியாமல் தொடர்வது வேறு, அறிந்து தேர்ந்து தொடர்வது வேறு.

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக 2026-ஐ ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022-இல் அறிவித்தது. உலகம் அவர்களை நினைப்பது நன்று. நாமோ நம் ஊர் எல்லையில் வந்து தங்குபவர்களை நினைத்தால் போதும். எறியும் பையைத் திரும்ப எடுத்துவருவோம். கிடை அமர்த்தியவருக்குக் குறையாத கூலி கொடுப்போம். அங்கே பள்ளி வயதுப் பிள்ளை உண்டா என்று கேட்போம். அவர்கள் தங்கிய இடத்தை வந்தபோது இருந்ததைவிட வளமாக விட்டுச் செல்கிறார்கள். அவர்களை நாம் வெறுங்கையோடு அனுப்புதல் முறையாகாது.