ஒளியை உண்ணும் சிப்பி

உருவ வேற்றுமையைக் கொண்டு உறவை மறுத்துவிட முடியாது என்பதற்குக் கடல் தரும் நல்லதோர் எடுத்துக்காட்டு, ‘கார்டியிடே’ என்னும் சிப்பிக் குடும்பம்.

ஐரோப்பியக் கடற்கரை மணலில் புதைந்து வாழும் காக்கிள் என்னும் மட்டி, ஏறத்தாழ 5 செ.மீ. நீளமே உடையது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் வாழும் இராட்சதச் சிப்பியோ 1 மீட்டருக்கும் மேல் நீண்டு, 200 கிலோவுக்கும் அதிகமாக எடை கொள்வது. இவற்றை நெடுங்காலம் இரு வேறு குடும்பங்களாகவே விலங்கியலார் பிரித்து வைத்திருந்தனர். இராட்சதச் சிப்பியும் காக்கிள் குடும்பத்தின் ஒரு கிளையே என்பதைப் பிற்கால உடலமைப்பு, மரபணு ஆய்வுகள் உணர்த்தின.

காக்கிள் உண்ணும் முறை எளியது. ஒரு குழாயால் கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைச் செவுள்களால் வடிகட்டி உண்டு, மறு குழாயால் நீரை வெளியேற்றும். ஆனால், பவளப்பாறைகளைச் சூழ்ந்த தெளிந்த நீரில் இத்தகைய உணவு மிகக் குறைவு. அவ்வாறாயின், அங்கே இத்துணைப் பெரிய உடல் வளர்ந்தது எப்படி?

1928-29ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய சி. எம். யங் இதனை ஆராய்ந்தார். இராட்சதச் சிப்பியின் மேலுறைத் தசையில் கோடிக்கணக்கான ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. சிப்பி அவற்றையே செரித்து உண்கிறது என அவர் கருதினார். பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையே சிப்பியின் முதன்மை உணவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இரைப்பையிலிருந்து கிளைத்துச் செல்லும் நுண்குழாய்களே பாசிகளின் இருப்பிடம். சிப்பியின் கழிவான அம்மோனியா அவற்றுக்கு உரமாகிறது. பகலெல்லாம் ஓடுகளை விரித்து, வண்ண மேலுறையைக் கதிரவனுக்குக் காட்டியபடி சிப்பி கிடப்பது இதனால்தான்.

இக்குடும்பத்து இதயக் காக்கிளும் பாசி வளர்ப்பதே. எனினும் அது ஓட்டை அகலத் திறப்பதில்லை. ஓட்டிலேயே ஒளி ஊடுருவும் சிறு சாளரங்கள் உள்ளன. அவற்றிலுள்ள இழை போன்ற படிகங்கள் ஒளியிழைகளைப் போல் வெளிச்சத்தை உள்ளே கடத்துகின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

முத்துக் குளிப்போரின் காலைக் கவ்விக் கொல்லும் ‘ஆட்கொல்லி’ என்று இராட்சதச் சிப்பியைப் பற்றிக் கதைகள் உண்டு. அதற்குச் சான்று ஏதுமில்லை. அது மெல்லவே மூடிக்கொள்ளும். முதிர்ந்த பெரிய சிப்பியால் முழுவதும் மூடவும் இயலாது. உண்மையில் கொல்லுபவன் மனிதனே. தசைக்காகவும் ஓட்டுக்காகவும் அளவின்றி எடுத்ததால் பல தீவுகளில் அது அற்றுப்போயிற்று. 1985 முதல் இராட்சதச் சிப்பி இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது. ஒளிக்காக ஆழமற்ற நீரில் வாழவேண்டியிருப்பதால், அது மனிதன் கைக்கு எளிதில் எட்டுகிறது. கடல்நீர் அளவுமீறி வெப்பமுற்றால் பாசிகளை இழந்து வெளிறுகிறது. எந்தக் கூட்டுறவு அதனைப் பெரிதாக வளர்த்ததோ, அதுவே இன்று அதன் மெலிவாகவும் நிற்கிறது. கடல் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் வரையில்தான் இந்தக் கூட்டுக் குடித்தனம் நிலைக்கும்.