வில்லின் உயரமும் விறைப்பும்

சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் நெடுஞ்சாலையில் பங்காருபாளையம் அமைந்துள்ளது. அவ்வூரைக் கடந்தபின் சாலை மொகிலி கணவாய் வழியாக மேட்டு நிலத்தை நோக்கி ஏறுகிறது. நெடுஞ்சாலையை விட்டு விலகி, மாந்தோப்புகளுக்கும் காட்டோரக் கிராமங்களுக்கும் செல்லும் மண்பாதைகளிலோ மழைநீர் அறுத்த பள்ளங்களும் பாறைகளும் குறுக்கிடும். அத்தகைய வழிகளில் செல்வோர், ஊர்தியின் அடிப்பாகம் தரையில் இடிக்காதபடி அதனை உயர்த்த விரும்புவது இயல்பே. ஆயினும் நீளமான வில்லும் விறைப்பான வில்லும் ஒன்றே எனக் கருதுவது பெருந்தவறாகும்.

ஒரு வில் அமுங்கும் அளவு அதன்மீதுள்ள சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இவ்விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் விளக்கி வெளியிட்டார். வில்லை ஒரு சென்டிமீட்டர் அமுக்கத் தேவையான எடையை அதன் விறைப்பு எனக் கொள்ளலாம்.

ஒரு சக்கரத்தின் வில் 300 கிலோகிராம் சுமையைத் தாங்கி 10 சென்டிமீட்டர் அமுங்கியுள்ளது எனக் கொள்வோம். அதன் விறைப்பு சென்டிமீட்டருக்கு 30 கிலோகிராம் ஆகும். ஊர்தியை 5 சென்டிமீட்டர் உயர்த்த இரு வழிகள் உண்டு. விறைப்பை மாற்றாமல், 5 சென்டிமீட்டர் நீளம் மிகுந்த வில்லைப் பொருத்துவது முதல் வழி. நீளத்தை மாற்றாமல் விறைப்பை இரட்டிப்பது இரண்டாவது வழி. அவ்வில் 5 சென்டிமீட்டரே அமுங்கும்.

இரண்டிலும் உயரம் ஒன்றே, விளைவு வேறு. முதல் ஊர்தி முன்போலவே நிமிடத்துக்குச் சுமார் 95 முறை மேலும் கீழும் அசையும். இரண்டாவது ஊர்தி சுமார் 134 முறை அசைந்து, பயணிகளைக் குலுக்கும். மேலும், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முதல் வில் 10 சென்டிமீட்டர் விரிந்து சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். இரண்டாவது வில் 5 சென்டிமீட்டரில் தன் முழு நீளத்தை அடைந்துவிடும். தரையைத் தொடாத சக்கரம் ஊர்தியை இழுக்கவும் நிறுத்தவும் உதவாது.

ஆகவே விறைப்பை நிர்ணயிக்க வேண்டியது சுமையே. நாள்தோறும் ஒவ்வொரு சக்கரத்திலும் 75 கிலோகிராம் சுமை கூடுமாயின், சென்டிமீட்டருக்கு 37.5 கிலோகிராம் விறைப்புள்ள வில் பழைய இதத்தைக் காக்கும். என்றோ ஒருநாள் ஏற்றும் சுமைக்காக வில்லை விறைப்பாக்குதல் கூடாது. சுருள்வில்லின் கம்பி 12 மில்லிமீட்டரிலிருந்து 13 ஆகத் தடித்தாலே, விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் உயரும் என்பதையும் நினைவிற்கொள்க.

1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் மூலம் கிராமங்களுக்கு அறிமுகமான ஜீப்பில், முன்னும் பின்னும் முழு அச்சுகளும் பட்டைவில்களும் இருந்தன. இத்தகைய அமைப்பில் நீண்ட வில் உடற்பகுதியை உயர்த்துமேயன்றி, அச்சின் நடுவே தொங்கும் பற்சக்கரப் பெட்டியை உயர்த்தாது. அதனை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே.

உயர்த்துவதில் அபாயமும் உண்டு. சக்கரங்களின் இடையகலம் 130 சென்டிமீட்டர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 65 சென்டிமீட்டர் எனில், பாதி அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.00. மையம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 0.93 ஆகக் குறையும். கணவாய்ச் சாலையின் வளைவில் ஊர்தி கவிழாமல் காப்பது இவ்விகிதமே. அன்றியும் அதிர்வடக்கியின் நீளம், பிரேக் குழாயின் நீளம், சுழல்தண்டின் கோணம், முகவிளக்கின் நோக்கு ஆகியவற்றையும் சரிபார்த்தல் வேண்டும்.

களப்பணியாளர் முதலில் ஊர்தியை வழக்கமான சுமையுடன் எடைமேடையில் நிறுத்தி, முன்பின் அச்சுகளின் எடையைத் தனித்தனியே அறிதல் நலம். பழைய வில் தளர்ந்திருப்பின், தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதிய வில் பொருத்தினால் இழந்த உயரம் மீளும். பலருக்கு அதுவே போதுமானது. பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு முரணான மாற்றத்தை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால், எம்மாற்றத்துக்கும் முன்னர்ப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிதல் அவசியம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். மெல்லியதும் தடித்ததுமான இரு சுருள்வில்களில் ஒரே எடையைத் தொங்கவிட்டு இழுத்து விடுக. நிமிடத்தில் நிகழும் அசைவுகளை மாணவர் எண்ணுவாராயின், விறைப்பின் இயல்பு தானே விளங்கும்.