பல்லைப் பிடுங்குமுன் எக்ஸ்ரே பிரதியை வாங்குங்கள்

அமெரிக்காவில் ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீளச் சபாக்சோன் எடுக்கிறவர்களிடம் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பல் சொத்தையாகி உடைகிறது. போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே பிரதி கேட்பதில்லை. மருந்துக் கடை ரசீது குப்பைக்குப் போகிறது. பழைய போதைப் பழக்கம்தான் பல்லைக் கெடுத்தது என்று தாங்களே முடிவுகட்டி, வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு வழக்கறிஞரைத் தேடும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை.

புப்ரினார்ஃபினும் நலோக்சோனும் கலந்த மெல்லிய சபாக்சோன் படலத்தை நாக்குக்கு அடியிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வைத்துக் கரையவிட வேண்டும். அப்போது அதன் அமிலத்தன்மை பல்லை அரிக்கிறது என்பதே நோயாளிகள் தொடுத்த வழக்குகளின் வாதம். படலத்துக்கு அனுமதி கிடைத்தது 2010இல். வாயில் கரையும் புப்ரினார்ஃபின் மருந்துகளால் பல் கெடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்ததோ 2022 ஜனவரியில். 305 பாதிப்புகள் அதன் கணக்கில் சேர்ந்திருந்தன, 131 கடுமையானவை. முன்பு பல் தொல்லையே இல்லாதவர்களும் பாதிக்கப்பட்டவர்களில் உண்டு. ஓர் எச்சரிக்கைக்காகப் பதினோரு ஆண்டுக்கு மேல் நோயாளிகளைக் காக்க வைத்ததை மன்னிக்க முடியாது.

சபாக்சோனை விற்கும் இண்டிவியர் நிறுவனத்தின் மீதான வழக்குகள் 2024 பிப்ரவரியில் ஒஹாயோ வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், எம்.டி.எல். (பல மாவட்ட வழக்குத் தொகுப்பு) 3092 என்ற எண்ணில், ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அதனால் எல்லோருக்கும் தானாகப் பணம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அவரவர் பாதிப்பை அவரவரே நிரூபிக்க வேண்டும்.

மருந்துக் கடையில் நீங்கள் வாங்கிய மருந்துகளின் முழுப் பட்டியலைக் கேளுங்கள். தேதி, அளவு, படலமா மாத்திரையா, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வேறு கம்பெனியின் ஜெனரிக் என்றால் வழக்கின் போக்கே மாறிவிடும். அடுத்தது, மருந்து தொடங்குமுன் எடுத்த பல் எக்ஸ்ரே. நன்றாக இருந்த பல் பிறகுதான் கெட்டது என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய பல் மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளுக்கான ஹிப்பா சட்ட விதிப்படி பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். வரவேற்பு மேசையில் "இல்லை" என்றால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எஃப்.டி.ஏ.வின் மெட்வாட்ச் 3500பி படிவத்தை நோயாளியே நிரப்பி அனுப்பலாம். ஆனால் அது புகார்ப் பதிவு மட்டுமே, வழக்கு ஆகாது.

வழக்குப் போடும் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டென்னசியில் ஓராண்டு, ஒஹாயோவில் இரண்டு, நியூயார்க்கில் மூன்று. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே பெரிய சண்டை. பல் வலி அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கெடு முடிந்துவிடும்.

பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பழைய போதைக்கே திரும்பி உயிர் போகலாம். படலம் முழுதும் கரைந்ததும் ஒரு வாய்த் தண்ணீரைப் பல்லிலும் ஈறிலும் படும்படி மெல்லச் சுழற்றி விழுங்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்குங்கள். மறுபடியும் சொல்கிறேன்: வழக்குப் போடுங்கள், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.